எஸ்போசிட்டோ: இந்த இத்தாலியக் குடும்பப் பெயரின் மூலமும் பொருளும் என்ன? அரிதான பெயரா?

அரிதா என்றால், இல்லவே இல்லை. தென் இத்தாலிய நகரமான நேப்பிள்ஸில் மிக அதிகமாகப் புழங்கும் குடும்பப் பெயர் இதுதான். ஆனால் பிறந்த கதை சோகமானது.

மூலம் 'எக்ஸ்போசிட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்; வெளியே விடப்பட்டவர் என்று பொருள். பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர் இது. இப்படிப்பட்ட குழந்தைகளை ஏற்ற, நேப்பிள்ஸின் அனுன்சியாட்டா இல்லத்துச் சுவரில் மரத்தாலான சுழல் உருளை ஒன்று இருந்தது. தாய் தெருவில் நின்றபடியே குழந்தையை அதில் வைத்துத் திருப்புவாள். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். அவள் முகம் யாருக்கும் தெரியாது. 1875இல் அந்த உருளையை மூடிவிட்டார்கள். சுவரில் அந்தத் திறப்பை இன்றும் பார்க்கலாம்.

பெயரே பிறப்பைக் காட்டிக்கொடுத்ததால், ஜோவாக்கிம் முரா நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் (1808–1815) கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இதைச் சூட்டத் தடை வந்தது. ஏற்கெனவே இருந்த குடும்பங்கள் வழியாகப் பெயர் பெருகிக்கொண்டேதான் போனது. ஆணை போட்டவர்கள் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

மற்ற நகரங்களிலும் இதே வழக்கம் இருந்தது: புளோரன்சில் இன்னொசென்டி, ரோமில் புரோயெட்டி. மிலானில் கொலம்போ, அதாவது புறா. குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் அது. ஆனாலும் கொலம்போ என்ற பெயருள்ள எல்லோரும் அப்படி வந்தவர்கள் அல்லர்.