கூதிர்கால மலைநடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தீபாவளி விடுமுறையில் நண்பர்கள் நால்வர் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையிலிருந்து மன்னவனூர் வழியாகக் கவுஞ்சி வரை முதுகுப்பையுடன் நடந்து, ஊர்களிலுள்ள விடுதிகளில் இரண்டு இரவு தங்க எண்ணியிருக்கிறோம். ஆளுக்கு இரண்டு கனத்த ஸ்வெட்டர்கள் வாங்கிவிட்டோம். அவை போதுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஸ்வெட்டர் ஒன்று போதும், மற்றொன்றுக்கான இடத்தில் நல்ல ரெயின்கோட்டை வையுங்கள். கொடைக்கானலில் மழை மிகுந்து பெய்வது வடகிழக்குப் பருவத்தின் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் என்பதால், ஐப்பசியில் அங்கே நடப்பவர் குளிரைக் காட்டிலும் நனைவதற்கே அஞ்ச வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆகவே சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் இரவுக் குளிர், உலர்ந்த உடையுடன் இருப்பவருக்குத் தாங்கக்கூடியதே. அதே குளிரில் நனைந்த உடையோடு காற்றில் நிற்பவரின் உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். நடுக்கம் அடங்காமல், பேச்சு குழறி, விரல்கள் பொத்தானைப் போடவும் மறுத்தால், நடையை நிறுத்தி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை உடுத்திச் சூடாக எதையாவது பருகத் தர வேண்டும். நிலை தேறாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி மலைமேல் எளிதில் உலராது. கம்பளியோ பாலியஸ்டரோ ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். ஏற்றத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நடந்து, நின்றதும் அணிந்துகொள்ளுங்கள், ஏனெனில் மழைக்குத் தப்பிய ஸ்வெட்டரை வியர்வையே நனைத்துவிடும். இரவுக்கென ஒரு செட் உடையையும் இரண்டு ஜோடி காலுறைகளையும் நீர் புகாத பையில் கட்டி, விடுதி சேரும் வரை தொடாமல் வைத்திருங்கள்.

இப்பருவத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வலுப்பதால், விடிந்ததும் கிளம்பி இரண்டு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுவது நல்லது. மூடுபனியில் காட்டுமாடு பத்தடி தொலைவில் நின்றாலும் தெரியாது. எனவே பேசிக்கொண்டே நடங்கள். ஓடையில் செந்நீர் பெருகி வந்தால், எத்தனை மணி நேரமானாலும் வடியும் வரை காத்திருங்கள். அட்டைக்கு உப்பு போதும். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. காப்புக்காட்டுக்குள் நுழைவதற்கு வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

கேள்வி: நவம்பர் இறுதியில் உதகை அருகே உறவினரின் தோட்டத்தில் கூடாரம் அடிக்க இருக்கிறோம். உறைபனிக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: மேகமற்ற, காற்றடங்கிய இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து பள்ளத்தில் தேங்குவதால், உறைபனி முதலில் விழுவது அங்கேதான். ஆகவே ஓடைக்கரைப் புல்வெளி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுச் சற்று மேலே, காற்றுக்கு மறைவான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் மண்ணை வெட்டி எடுத்த சரிவின் அடியில் ஒருபோதும் கூடாரம் வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் இதே பருவத்தில்தான். உடற்சூட்டைத் தரை உறிஞ்சிவிடும் என்பதால், மேலே இன்னொரு போர்வையைவிட அடியில் தடித்த பாய்விரிப்பே பயன் தரும். கூடாரத்துக்குள்ளோ அடைத்த அறையிலோ கரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உறங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும்.

கேள்வி: தொட்டபெட்டாவில் மூச்சு முட்டுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அதன் உயரம் 2,637 மீட்டர். நலமாக உள்ளவருக்கு ஏறும்போது சற்று மூச்சிரைக்கலாம், அவ்வளவே. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செல்லட்டும். இன்ஹேலரை முதுகுப்பையில் அன்றி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.