ரீஸ்லிங் என்றாலே இனிப்பு ஒயின்தானா?

இல்லை. ரீஸ்லிங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை; அதன் ஒயின் இனிப்பில்லாமலும் இருக்கலாம். ஜெர்மனியின் ரைங்காவ் பகுதியில், ரைன் ஆற்றை நோக்கித் தெற்கே சரியும் குன்றின்மேல் உள்ள ஷ்லோஸ் யோஹானிஸ்பெர்க் திராட்சைத் தோட்டத்தின் கதையில், இந்த எண்ணம் வந்ததற்கான ஒரு காரணத்தைக் காணலாம். பெனடிக்ட் துறவிகள் தொடங்கிய இந்த இடத்தை ஃபுல்டா மடம் 1716இல் வாங்கி, 1720 முதல் ரீஸ்லிங் கொடிகளைப் பெருமளவில் நட்டது. 1775இல் அறுவடை அனுமதியுடன் வரவேண்டிய தூதுவர் தாமதித்ததால் பழங்கள் பூஞ்சை பிடித்துச் சுருங்கின என்றும், அவற்றைப் பிழிந்தே தாமத அறுவடையின் இனிய ஒயின் பிறந்தது என்றும் சொல்வார்கள். ரீஸ்லிங்குக்கு இனிப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் இக்கதைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

உண்மையில் இனிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது நொதித்தல்தான். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதுமாக ஆல்கஹாலாக மாற்றிவிட்டால், எலுமிச்சையை நினைவூட்டும் கூர்மையான புளிப்பே நாவில் முன்னிற்கும். லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை உள்ள இத்தகைய ஒயினின் புட்டியில் ‘ட்ரோக்கன்’ (இனிப்பில்லாதது) என்ற ஜெர்மன் சொல்லைத் தேடுங்கள்.