கூழில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை

அன்புள்ள அண்ணா,

என் பையனுக்கு ஏழு மாதம். மீலி மீல் (மக்காச்சோள மாவு) கூழில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடாமல் மாமியாருக்கு மனசு ஆறாது. அவருக்கும் சுகர், என் அப்பாவுக்கும் சுகர். எப்படியும் வரப்போவதுதானே, இதற்காக வீட்டில் சண்டை எதற்கு என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

சண்டை வேண்டாம். சர்க்கரையும் வேண்டாம்.

"எப்படியும் வரப்போவதுதானே" என்பதை டர்பனில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கேட்கலாம், பக்கத்து இலைக்காரர் மாத்திரையைத் தேடும்போது. குடும்பவாகு உண்மைதான். ஆனால் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். 1953 செப்டம்பரில் அங்கே சர்க்கரை ரேஷன், அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு, முடிந்தது. கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் தின்னும் சர்க்கரை ஏறக்குறைய இரட்டிப்பானது. ரேஷன் காலத்தில் கருவிலிருந்து இரண்டு வயது வரை வளர்ந்தவர்களையும், அதற்குச் சற்றுப் பிந்திப் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. ரேஷன் பிள்ளைகளுக்கு வயதான காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு. சுகர் வந்தவர்களுக்கும் நாலு வருஷம் போல தள்ளித்தான் வந்தது. நாலு வருஷம் மாத்திரை இல்லாமல் இருப்பதன் அருமையை உங்கள் மாமியாரிடமே கேளுங்கள்.

அப்புறம் ருசி. பிள்ளைகள் இனிப்புப் பிரியர்களாகவே பிறக்கிறார்கள். மற்ற ருசிகளைத்தான் பழக்க வேண்டும். கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ அம்மா கேரட் ஜூஸ் குடித்திருந்தால், பிள்ளை பிறகு கேரட் கலந்த உணவை அவ்வளவாக முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது என்று 2001-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஆகவே நீங்கள் கீரை சாப்பிடுங்கள், அந்த வாசனை பாலில் போகும். பையன் துப்பினால் நாலு நாள் கழித்து மறுபடி கொடுங்கள். எட்டு, பத்துத் தடவைகூட ஆகலாம். நம் வீடுகளில் இரண்டாம் தடவையிலேயே "பிடிக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1860-லிருந்து நேட்டாலின் கரும்புக் காட்டுக்குக் கூலியாக வந்தவர்களின் வம்சம் நாம். சர்க்கரை போடுவதுதான் பாசம் என்று நம் வீடுகளில் எப்படியோ பதிந்துவிட்டது. என் ஆயா ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காய்ச்சும் கூழ் புளிக்கும். நாங்கள் பொடிசுகள் வரிசையில் நின்று குடித்தோம்.

ஸ்பூனை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். சர்க்கரைக்குப் பதில் வாழைப்பழத்தையோ வேகவைத்த பட்டர்நட் பூசணியையோ அவரே மசித்துப் போடட்டும். தேன் வேண்டாம், ஒரு வயதுக்குள் அது வேறு விதத்தில் ஆபத்து. இரண்டு வயது வரை இப்படியே போகட்டும்.