இரத்தத்தில் நீந்தும் நானோ ரோபோ வெறும் கற்பனையா?

புனைகதைகளில் இரத்தக் குழாய்க்குள் சென்று புற்றுநோயை அழிக்கும் நானோ ரோபோவுக்கு உண்மையான அடிப்படை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் அது உலோக இயந்திரமன்று, மரபுச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ மூலக்கூறு. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் மல்லிகையை நாரால் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே 2006இல் அமெரிக்க விஞ்ஞானி பால் ரோத்மண்ட், சுமார் 7,000 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) கொண்ட வைரஸ் டிஎன்ஏ இழையை, 200க்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் ஆங்காங்கே பிணைத்து, வேண்டிய வடிவில் மடியச் செய்தார் (தொடுக்கும் விரல்கள்தான் இங்கே இல்லை; இழைகள் தாமாகவே சேர்கின்றன). 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் இம்முறையில் தாள்போல் மடித்த டிஎன்ஏவைக் குழலாகச் சுருட்டி, இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் நொதியை உள்ளே பொதிந்து எலிகளுக்குச் செலுத்தியபோது, புற்றுநோய்க் கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள நியூக்ளியோலின் புரதத்தைத் தொட்டதும் குழல் திறந்து, அங்கேயே இரத்தம் உறைந்து, கட்டிக்கு ஊட்டம் தடைபட்டது. நீந்துவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. இரத்த ஓட்டமே அதைச் சுமந்து செல்கிறது.