டேப்பட் சத்தம் போகட்டும் என்று இறுக்காதீர்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100. காலையில் ஒரே உதையில் எடுக்கிறது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை ஓட்டி வந்து, நிறுத்தி டீ குடித்துவிட்டு உதைத்தால் எடுக்கவே மாட்டேங்கு. கிக்கர் லேசாக இறங்குகிறது. ஆறப்போட்டால் மறுபடி எடுக்கிறது. "போரு, பிஸ்டன் எல்லாம் போச்சு, இன்ஜினை இறக்கணும் அண்ணாச்சி" என்கிறார் மெக்கானிக். போன மாதம்தான் டேப்பட் சத்தம் கேட்கிறது என்று சரிபண்ணி வாங்கினேன். (விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு இன்ஜினை இறக்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. போரும் (சிலிண்டர் உட்சுவர்) ரிங்கும் (பிஸ்டன் வளையம்) தேய்ந்த வண்டி பெரும்பாலும் ஆறின நிலையில்தான் சண்டித்தனம் செய்யும். உங்கள் வண்டியோ சூட்டில் மக்கர் பண்ணுகிறது. டேப்பட், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இறுகிப்போன வண்டியின் குணம் அது. இன்ஜின் சூடேற ஏற வால்வுத் தண்டு நீளும். நீள்வதற்கு இடைவெளி இல்லையென்றால் வால்வு தன் இருக்கையில் (சீட்டில்) முழுதாக உட்காராது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) அந்த வழியாகப் போய்விடும், கிக்கர் லேசாகிவிடும்.

இதை இப்படியே ஓட்டக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) கடத்துகிறது. உட்காராத வால்வின் விளிம்பு கருகும். இன்று அரை மணி நேர வேலை, சில வாரம் போனால் வால்வும் சீட்டும் சேர்ந்த செலவாகிவிடும்.

செய்ய வேண்டியது இது. ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டியைக் காலையில் எடுங்கள். வெயிலில் நின்ற வண்டி, ஓட்டாவிட்டாலும், ஆறின வண்டி ஆகாது. பிளக்கைக் கழற்றுங்கள். இடப்பக்கக் கவரில் உள்ள இரண்டு வட்ட மூடிகளைத் திறந்து, ஃப்ளைவீலை இடஞ்சுழியாகச் சுற்றி, 'டி' (T) குறியை எதிரே உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் விரலுக்குக் கொஞ்சமாவது ஆட வேண்டும். ஏதாவது ஒன்று அழுத்திக்கொண்டு நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். முழுச் சுற்றுக்குப் பிறகும் ஆடவில்லையென்றால் அந்த வால்வுதான் இறுகியிருக்கிறது. அளவு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி அளவைக் குறைத்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

சரிசெய்த பிறகும் கிக்கர் லேசாகவே இருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, நாலைந்து முறை மெதுவாக உதையுங்கள். கிக்கர் கனத்தால் ரிங் தேய்வு. மாற்றமே இல்லையென்றால் வால்வு. அப்போது கிக்கரைக் கம்ப்ரஷனில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காதை வையுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட்.

சத்தம் விஷயமாக ஒன்று. ஓடி ஓடி வால்வு ஹெட்டுக்குள் இறங்க இறங்க, தண்டின் நுனி ராக்கரை நோக்கி ஏறும், இடைவெளி குறையும். பழைய வண்டி ஒன்று தானாகவே அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படாமல் அளந்து பாருங்கள். மெல்லிய 'டிக் டிக்' இருப்பது வால்வுக்கு நல்லது.

கேள்வி: நான் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு வால்வு கிரைண்டிங் ஒரு மணி நேரம் செய்து கொடுத்தேன். இரண்டே மாதத்தில் திரும்பவும் கம்ப்ரஷன் இல்லை. (திசையன்விளை வாசகர்)

பதில்: ஒரு மணி நேரம் என்பதே அதிகம். அரைக்கும் பேஸ்டைப் பூசி வால்வைச் சீட்டில் தேய்ப்பது சீட்டின் கடைசி மெருகுக்குத்தான், பள்ளத்தைச் சரிசெய்ய அல்ல. தேய்க்கத் தேய்க்க இருக்கை அகலமாகும், அழுத்தம் பரவிக் குறையும், கரித்துகள் நசுங்காமல் நடுவில் தங்கும், திரும்பவும் கசியும். நல்ல சீட் 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில், எங்கும் அறுபடாத சாம்பல் வளையமாக, வால்வு முகத்தின் நடுவில் விழ வேண்டும். 2 மி.மீ. தாண்டினால் லேத்தில் கொடுத்து, மேலே 30 டிகிரியும் கீழே 60 டிகிரியும் வெட்டி, 45 டிகிரி முகத்தைக் குறுக்கி வாங்குங்கள்.

தேய்க்கும்போது ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போல ஒரே பக்கமாகச் சுற்றக் கூடாது. மத்தை வைத்துத் தயிர் கடைவது போல, வால்வில் ஒட்டிய குச்சியை இரு உள்ளங்கைக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்டுங்கள். பத்துப் பதினைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்று திருப்பி வையுங்கள். சரசரவென்ற சத்தம் வழவழப்பாக மாறினால் பேஸ்டைத் துடைத்துப் பாருங்கள். முழு வளையம் விழுந்துவிட்டால் நிறுத்துங்கள். நைஸ் பேஸ்ட் போதும், கரகர பேஸ்ட் புள்ளிப்பள்ளம் இருந்தால் மட்டும். வால்வின் விளிம்பு கத்தி போல மெலிந்திருந்தால் தேய்க்கவே வேண்டாம், புதிது போடுங்கள்.

பிறகு மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) ஓட்டைக்குள் துணியை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கைடில் தங்கிய பேஸ்ட் ஓட ஓட அரம் மாதிரி அறுக்கும். ஸ்பிரிங் மாட்டியதும் ஹெட்டின் இரண்டு வாயிலும் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வால்வைச் சுற்றி ஈரம் கசியக் கூடாது. வண்டியில் ஏற்றி டேப்பட் வைத்த பிறகு, 500 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். புதிதாக உட்கார்ந்த வால்வு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு: தேரி மண். ஆடிக் காற்றில் பறக்கும் அந்தச் சிவப்புப் பொடி ஏர் ஃபில்டரைத் தாண்டினால் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே அரைபடும், கைடையும் தின்னும். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே விரல் விட்டுச் சிவப்பு ஒட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். அந்த ஆயில்தான் தூசியைப் பிடிக்கிறது.

கேள்வி: ஸ்பிளெண்டரில் காரையாரிலிருந்து பாபநாசம் இறங்கியதும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பின்னால் நீலப்புகை. ஏறும்போது ஒன்றும் இல்லை. ரிங்கா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: ரிங் என்றால் ஏற்றத்தில்தான் அதிகம் புகைக்கும். ஆக்ஸிலேட்டரை மூடி கியரில் இறங்கும்போது இன்லெட்டில் உறிஞ்சல் கூடி, தேய்ந்த ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) வழியாக ஆயில் உள்ளே போகிறது. கீழே வந்து முறுக்கியதும் எரிகிறது. ராத்திரி நின்று காலையில் எடுத்ததும் கொஞ்சம் புகைத்து நின்றுவிட்டாலும் இதே காரணம். சீல் மாற்றும்போது வால்வை 10 மி.மீ. தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைடும் போயிருக்கிறது, வெறும் சீல் நிற்காது. கைடு மாற்றினால் சீட்டையும் வெட்டியாக வேண்டும், மையம் மாறியிருக்கும்.

கேள்வி: பழைய புல்லட் 350-க்கு டேப்பட் அளவு எத்தனை? எந்தத் தகடு விட வேண்டும்? (பணகுடி வாசகர்)

பதில்: தகடு வேண்டாம். ஆறின இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது, வலப்பக்க டேப்பட் கவரைத் திறங்கள். புஷ்ராடை (ராக்கரைத் தள்ளும் கம்பியை) விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. கம்ப்ரஷன் குறைவாகத் தெரிந்தால் முதலில் டீகம்ப்ரஷர் (உதைக்க லேசாக இருக்கும்படி கம்ப்ரஷனைத் திறந்துவிடும் வால்வு) கேபிளைப் பாருங்கள். லீவரில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் அந்த வழியாகவே கசியும். ஹெட்டைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-க்கு வால்வு வேலை பார்க்க வேண்டும் என்கிறார்கள். (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் மேலே சொன்ன வால்வுகள் கிடையாது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரீட் வால்வு (மெல்லிய இதழ் வால்வு) உண்டு. கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். இதழ் நுனி உடைந்திருந்தாலோ, படியாமல் நன்றாகத் தூக்கி நின்றாலோ மாற்றுங்கள்.