கரிந்த புளியமரத்தை அறுக்க எந்த மெஷின்?

வாங்குவோர் கேள்வி-பதில்

கே: பக்கத்துக் காட்டில் கரும்புச் சோகைக்கு வைத்த தீ என் தோப்புக்குள் புகுந்து 11 புளியமரங்கள் கருகிவிட்டன. பழைய செயின்சா இரண்டாவது மரத்திலேயே படுத்துவிட்டது. இன்னும் பெரிய எஞ்சினாக வாங்கட்டுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ப: 11 மரம் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. கருகியதெல்லாம் செத்த மரமில்லை. பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள், துளிர்க்கலாம்.

அறுத்தே ஆக வேண்டிய மரங்களுக்கு வருகிறேன். பழைய மெஷின் படுத்ததற்கு அநேகமாக எஞ்சின் சிறியது என்பது காரணமாக இருக்காது. தீப்பட்ட பட்டையில் கரியோடு சாம்பலும் மண்ணும் அப்பியிருக்கும். செயின் பல்லுக்கு அது உப்புத்தாள். உள்ளே இருப்பதோ காய்ந்து இறுகிய, வைரம் பாய்ந்த புளி. பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய செயினை அழுத்தி அறுத்தால் எஞ்சின் கொதிக்கும். கரித்தூள் ஏர் ஃபில்டரை அடைக்கும்.

50 முதல் 60 சிசி, 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போதும். செயினை மட்டும் 'செமி சிசெல்' என்று கேட்டு வாங்குங்கள். அதன் பல்லின் மூலை மழுப்பலாக இருக்கும். கூர்மூலை வைத்த 'ஃபுல் சிசெல்' அளவுக்கு வேகம் வராது, ஆனால் அழுக்கு மரத்தில் அதைவிட நேரம் கூர் நிற்கும். மிகக் கடினமான கார்பைடு முனை வைத்த செயினும் உண்டு. விலை பல மடங்கு, தீட்ட வைரச் சக்கரம் வேண்டும், உங்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசில் செமி சிசெல் இன்னும் இரண்டும், பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) 0.325 அங்குலம் என்றால் 4.8 மி.மீ. உருண்டை அரம் ஒன்றும் வாங்கி வையுங்கள். அறுக்கும் இடத்தில் கோடாலியால் கரியைச் செதுக்கிவிட்டு மெஷினை வையுங்கள். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம், நிற்கும் மரத்தை நீங்களே சாய்க்க வேண்டாம். அடிமரம் உள்ளே கூடாகி, வேர் வெந்திருக்கும். எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

கே: என் 45 சிசி மெஷினுக்கு 22 அங்குல பார் போடலாமா?

ப: வேண்டாம். கெட்டி மரத்துக்கு 16 போதும்.

கே: கடையில் '58 சிசி' மெஷின் 5,500 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனியின் 45 சிசி அதைப்போல நான்கு மடங்கு. சிசி கூடியதை எடுப்பதுதானே லாபம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: இந்த ஸ்டிக்கர் எண்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் தெரிந்தால் சிசியை நீங்களே கணக்கிடலாம். 58 என்று எழுதிய மெஷினின் கையேட்டில் விட்டம் 45.2 மி.மீ., ஓட்டம் 34 மி.மீ. என்று இருந்தால் கணக்கு 54.6 சிசிதான். மீதி எங்கே போனது? எனவே எஞ்சினின் சக்தி எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரம், பேராவூரணிப் பக்கம் விழுந்த மரங்களை அகற்ற, '62 சிசி' என்ற எழுத்தை நம்பி அவசரமாக ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் ஆயில் பம்ப் போனது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்த மாமரம் இன்னும் நான்கு நாள் அப்படியே கிடந்தது. வெளிநாட்டுச் சரக்கென்றால் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. நான் வாங்கிய பெட்டியில் ஒன்றுமே இல்லை. வாங்கும் முன் அதைப் பார்க்கத் தவறினேன். நீங்கள் பாருங்கள். செயின், பார், கிளட்ச் இம்மூன்றும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

கே: பெட்ரோல் மட்டும் ஊற்றி ஓட்டினேன். அரை மணியில் பிஸ்டன் பிடித்துவிட்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

ப: போட்டாலும் நிற்காது, அவர்கள் சொல்வது சரி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் மசகு. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய பொருளின் கையேட்டைப் பத்து நிமிடம் படித்திருக்கக் கூடாதா? இதே கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது.

கே: விறகு அறுத்துப் பிழைக்கிறேன். புது மெஷின் என்று 21,000 ரூபாய் வாங்கினார்கள். சைலன்சருக்குள் கரி படிந்திருக்கிறது, ஓடிய மெஷின் என்கிறார் மெக்கானிக். கேட்டால், 'தொழிலுக்கு வாங்கினாய், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது' என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, பரமக்குடி

ப: அவர் சொல்வது தவறு, அம்மா. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் அதில் சேராது என்று அதே சட்டம் விளக்குகிறது. நீங்கள் நுகர்வோர்தான்.

இனி மெஷினை ஓட்டாதீர்கள். படம் எடுங்கள், மெக்கானிக் சொன்னதை எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில்லின் நகலை எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.