பெஞ்ச் கிளார்க் பதில்கள்

கே: 1947-ல் வந்த 'கிஸ் ஆஃப் டெத்' பார்த்தேன். திருடன் அப்ரூவராகி (கூட்டாளிகளுக்கு எதிராக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி), பிள்ளைகளோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறானே! கோர்ட்டில் வேலை பார்த்தவர் நீங்கள், நிஜத்தில் இப்படி நடக்குமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: நம்மூரில் அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு விட மாட்டார்கள். மன்னிப்பு கிடைத்தாலும், முன்பே ஜாமீனில் இல்லையென்றால் வழக்கு முடிகிறவரை அப்ரூவர் உள்ளேதான்.

மற்றபடி படம் பொய் சொல்லவில்லை. அந்தத் திருடன் நிக் பியான்கோ முதலில் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறான். மனைவி தற்கொலை செய்துகொண்டாள், பெண் குழந்தைகள் அனாதை இல்லத்தில் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கிறான். அவன் சாட்சி சொல்லியும் கொலைகாரன் டாமி ஊடோ விடுதலையாகிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு கொள்ளை வழக்கு. அப்ரூவர் சாட்சி சொல்லி முடித்து, கையெழுத்துப் போட என் மேஜைக்கு வந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் இருமுகிற மாதிரி லேசாகச் சிரித்தான். இவர் பேனா பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. "சார், வேற பேப்பர் தர்றீங்களா?" என்றார். வாக்குமூலத்துக்கு வேறு பேப்பர் ஏது? கீழேயே இன்னொரு கையெழுத்து வாங்கினேன். மதியம் காவலுக்கு வந்த போலீஸ்காரர் வாங்கிக்கொடுத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

கே: அதே படத்தில், சக்கர நாற்காலியில் இருக்கும் இன்னொருவனின் அம்மாவை மாடிப்படியில் தள்ளிவிட்டுச் சிரிக்கிறானே, அந்தப் பாவி யார்?
– வாசகர், முத்தியால்பேட்டை

ப: டாமி ஊடோவாக நடித்த ரிச்சர்ட் விட்மார்க். முதல் படமே அதுதான்! துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. எல்லோரும் அந்த மாடிப்படியையே சொல்கிறார்கள். நான் லிஃப்டைச் சொல்வேன். கிரைஸ்லர் கட்டடத்தில் நகையை அடித்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக லிஃப்டில் இறங்குகிறார்கள். அது ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது. மேலே கட்டிப்போடப்பட்ட கடைக்காரர் அப்படியே அலாரத்தை நோக்கி நகர்கிறார். நியூயார்க்கில் நிஜ இடங்களிலேயே எடுத்தவர் இயக்குநர் ஹென்றி ஹாத்தவே.

கே: 1995-ல் வந்த ரீமேக்கைப் பார்க்கலாமா?
– அதே வாசகர்

ப: நிக்கோலஸ் கேஜுக்காகப் பார்க்கலாம். ஆனால் பழையதை முடித்த கையோடு பார்க்காதீர்கள்; ஒரு வாரம் போகட்டும்.